தும்பையும் நெய்தலும்: சாமுராய்ப் படங்களைப் புறத்திணை வழி நோக்கல்

முன்னுரை

ஒரு நாட்டின் கலை பிறிதொரு நாட்டின் இளைஞரைக் கவர்கிறதென்றால் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். ஜப்பானிய வாட்போர்ப் படங்கள், அதாவது சாமுராய்ப் படங்கள், முன்னாளில் பெருநகரங்களின் திரைப்படச் சங்கங்களிலேதான் காணக் கிடைத்தன. பின்னர்க் குறுந்தகடுகளாக வந்தன. இன்று கைப்பேசித் திரையிலேயே கிடைக்கின்றன. செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை எனக் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து பேருந்தேறி வரும் நம் மாணவர்களும் அவற்றை விரும்பிக் காண்கின்றனர்.

இப்படங்களைக் குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. வெட்டும் குத்தும் குருதியும் நிறைந்த இவை இளையோர் உள்ளத்தைக் கெடுப்பன என்பது பெரியோர் பலரின் கருத்து. விறுவிறுப்பாக இருக்கின்றன, பார்க்கிறோம். இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது மாணவர் கருத்து. இருசாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர். இப்படங்களில் சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதே அவ்வுடன்பாடு. அது சரிதானா என்பதைத் தமிழரின் புறத்திணை மரபைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாமுராயும் சாம்பராவும்

சாமுராய் என்னும் சொல் 'உடனிருந்து பணிபுரிதல்' என்னும் பொருள்தரும் வினையடியாகப் பிறந்தது. தலைவனுக்குத் தொண்டு செய்யும் படைமறவன் சாமுராய். தலைவனை இழந்து, ஊர் ஊராகத் திரிபவன் ரோனின் எனப்படுவான். 1603 முதல் 1868 வரை ஜப்பானைத் தொக்குகாவா மரபினர் ஆண்டனர். அக்காலத்தின் பெரும்பகுதியில் நாட்டில் பெரும்போர் நிகழவில்லை. சாமுராய் வாளை இடையில் செருகியிருந்தான். அதை உருவிப் போரிடக் களம் இருக்கவில்லை. வீரர்க்குரிய நெறிகள் பலவும் மானம் பற்றிய விதிகளும் விரிவாக எழுதப்பட்டது இந்த அமைதிக் காலத்தில்தான் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இறுதியில் 1876ஆம் ஆண்டு அரசாணையொன்று பொதுவிடத்தில் வாளணிந்து செல்வதையே தடைசெய்தது.

வாள் தெருவிலிருந்து மறைந்தபின் திரைக்கு வந்தது. பழங்காலக் கதைகளைக் கூறும் படங்களை ஜப்பானியர் 'ஜிதாய்கெகி' என்பர். அவற்றுள் வாட்சண்டைக்குச் சிறப்பிடம் தருவன 'சாம்பரா' எனப்படும். வாள்கள் மோதும் ஓசையைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நம் இரட்டைக்கிளவிகளை நினைவூட்டுவது. 1925இல் வெளிவந்த 'ஒரோச்சி' முதலிய ஊமைப் படங்களிலேயே இவ்வகை வேரூன்றிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்றபின் அந்நாட்டை ஆண்ட அமெரிக்கப் படையதிகாரம் போர்வெறியைத் தூண்டும் என அஞ்சி வாட்போர்ப் படங்கள் பலவற்றைத் தடுத்தது. 1952இல் அவ்வாட்சி முடிந்தபின் இவ்வகை மீண்டும் தழைத்தது.

அக்கிரா குரோசாவாவின் 'ராஷோமொன்' (1950) 1951ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்று ஜப்பானியத் திரையை உலகிற்கு அறிமுகப்படுத்தியது. அவருடைய 'ஏழு சாமுராய்' (1954), 'யோஜிம்போ' (1961), 'சஞ்சுரோ' (1962) ஆகியனவும், மசாக்கி கொபயாஷியின் 'ஹராகிரி' (1962) என்பதும் இவ்வகையின் சிகரங்கள். ஷிந்தாரோ கட்சு 1962 முதல் 1989 வரை இருபத்தாறு படங்களில் நடித்த சாட்டோய்ச்சி என்னும் கண்பார்வையற்ற வாள்வீரன் கதைவரிசை பொதுமக்களிடையே பெரும்புகழ் பெற்றது. இக்கட்டுரை 'ஏழு சாமுராய்', 'சஞ்சுரோ', 'ஹராகிரி' ஆகிய மூன்றையே சிறப்பாக எடுத்துக்கொள்கிறது.

புறத்திணை தரும் கண்

போரைப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. பேய்கள் கூழ் அடும் களத்தைச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி காட்டுகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஹிஜிறத்துக் காண்டத்தில் பதுறுப் போரை விரித்துரைக்கிறது. இசுலாமியத் தமிழ்ப் புலவர்கள் 'படைப்போர்' என்னும் தனி இலக்கிய வகையையே உருவாக்கினர். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சக்கூன் படைப்போர்' அவ்வகையில் முன்னோடியானது. ஆகவே, போர்க்காட்சி மிகுந்துள்ளது என்பதற்காகவே ஒரு படைப்பை ஒதுக்குவோமாயின் நம் இலக்கியத்தில் பெரும்பகுதியை ஒதுக்க நேரும்.

போரை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியர் ஒரு வழி காட்டியுள்ளார். அவர் புறத்திணைகளை ஏழாக வகுத்து, ஒவ்வொன்றையும் ஓர் அகத்திணைக்குப் புறனாக வைத்தார். வெட்சி குறிஞ்சிக்கும், வஞ்சி முல்லைக்கும், உழிஞை மருதத்திற்கும், தும்பை நெய்தலுக்கும், வாகை பாலைக்கும், காஞ்சி பெருந்திணைக்கும், பாடாண் கைக்கிளைக்கும் புறன் ஆகும். இவ்விணைப்பிற்கு உரையாசிரியர்கள் பல காரணம் கூறுவர்.

அவற்றுள் இரண்டு இணைகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. தும்பை என்பது தன் வலிமையை நிலைநாட்டுதலே பொருளாக வந்த வேந்தனை எதிர்நின்று பொரும் போர். அதற்கு அகமான நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். வாகை என்பது வெற்றி. அதற்கு அகமான பாலையின் உரிப்பொருள் பிரிவு. போர்க்களத்திற்கு மறுபுறத்தில் கடற்கரையில் நின்று இரங்கும் ஒருத்தி உண்டு. வெற்றிக்கு மறுபுறத்தில் பிரிந்துபோன ஒருவன் உண்டு. இவ்வாறு இவ்விணைகளை நாம் பொருள் கொள்ளலாம். கிழக்கே கடலும் தெற்கே வீராணம் பாயும் நெல்வயல்களும் கொண்ட நிலத்தில் வாழும் நமக்கு நெய்தலும் மருதமும் ஏட்டுச் சொற்கள் அல்ல. சண்டையை மட்டும் காட்டும் படைப்பு தும்பையை மட்டும் காட்டுகிறது. அதன் நெய்தலையும் சேர்த்துக் காட்டுவதே நிறைவான புறப்படைப்பு. சிறந்த சாமுராய்ப் படங்களின் கவர்ச்சி இங்கேதான் தோன்றுகிறது என்பது நம் துணிபு.

மருத நிலத்துப் போர்

'ஏழு சாமுராய்' பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக் காலக் கதை. உள்நாட்டுப் போர்களால் நாடு சிதைந்திருந்த காலம். மலையோரச் சிற்றூர் ஒன்றைக் கொள்ளையர் நாற்பதின்மர் குறிவைத்துள்ளனர். விளைச்சல் அறுவடையானதும் வருவோம் என்று அவர்கள் பேசிக்கொள்வதை ஓர் உழவன் கேட்டுவிடுகிறான். ஊர்ப் பெரியவர், பசித்த சாமுராய்களைத் தேடிப் பிடியுங்கள் என்று வழிசொல்கிறார். கூலியாகத் தர அவர்களிடம் அரிசிச் சோறு ஒன்றே உண்டு. சாமுராய்க்கு அரிசியைக் கொடுத்துவிட்டு உழவர் தினைவகைத் தவசத்தைத் தின்கின்றனர். இவ்வுண்மையை அறிந்த மூத்த வீரர் காம்பெய், அந்தச் சோற்றுக் கலத்தைக் கையில் ஏந்தியபடி, இதை வீணாக்கமாட்டோம் என்னும் பொருள்பட உரைத்து இசைகிறார்.

இக்கதையை நம் திணை மரபில் வைத்துப் பார்த்தால் அதன் அமைப்பு தெளிவாகும். கொள்ளையரின் வரவு வெட்சியின் சாயலுடையது. ஆனிரைக்கு மாறாக இங்கே நெல்லும் வாற்கோதுமையும் கவரப்படுகின்றன. ஊரைச் சுற்றி வேலியிட்டும், வயலில் நீரை நிரப்பியும், ஒரு வழியைத் திறந்துவிட்டுப் பகைவரை ஒவ்வொருவராக உள்ளேவிட்டு மடக்கியும் செய்யப்படும் காவல் நொச்சி மறவரின் செயல். தொல்காப்பியர் முற்றுகையையும் அகத்தோன் காவலையும் உழிஞையுள் அடக்கி, அவ்வுழிஞையை மருதத்திற்குப் புறன் என்றார். வயலைக் காக்கும் போர் மருதத்தின் புறம் என்பதற்கு இப்படத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை இக்காலத்தில் காண்பது அரிது.

மூன்றரை மணி நேரத்திற்குச் சற்றே குறைவாக ஓடும் இப்படத்தில் முதல் ஒரு மணி நேரத்திற்கு மேல் வீரர்களைத் தேடிச் சேர்ப்பதிலேயே கழிகிறது. அடுத்து ஊரைச் சுற்றிப் பார்த்தல், உழவர்க்கு மூங்கில் ஈட்டிப் பயிற்சி, உழவர்க்கும் வீரர்க்கும் இடையே உள்ள ஐயம் ஆகியன. இறுதிப் பெருமழையில் சண்டை மூளும்போது, யார் எந்த முனையில் நிற்கிறார், எவர் எதை இழப்பார் என்பதெல்லாம் பார்ப்போர் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. காம்பெய் தாளில் வட்டங்கள் வரைந்து, வீழ்ந்த கொள்ளையரை ஒவ்வொன்றாகக் குறித்து வருவார். எண்ணிக்கை குறைவதைப் பார்வையாளரும் உடன் எண்ணுகின்றனர். விறுவிறுப்பு என்று மாணவர் கூறுவது இந்த ஆயத்தத்தின் விளைவே ஆகும்.

இக்கதை பல நாடுகளுக்குச் சென்றது. 1960இல் அமெரிக்காவில் 'மேக்னிபிசென்ட் செவன்' ஆயிற்று. 1975இல் வெளிவந்த 'ஷோலே' இந்திப் படத்திலும் இதன் சாயலைக் காணலாம். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஷோலேயில் வீரரை அழைப்பவர் அவ்வூரின் பெரிய மனிதர். அவருக்குத் தனிப்பட்ட பழி உண்டு. ஏழு சாமுராயில் அழைப்பவர் உழவர். ஈட்டி ஏந்துவோரும் அவர்களே. கிக்குசியோ என்னும் வீரன், உண்மையில் உழவன் மகன். உழவர் வஞ்சகர்தாம், ஆனால் அவர்களை அவ்வாறு ஆக்கியவர்கள் ஊர்களை எரித்த சாமுராய்களாகிய நீங்களே என்று அவன் தன் தோழர்கள் முன் குமுறும் காட்சி, வீரரைப் புகழவந்த படத்தில் வீரர்மேலேயே வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகும்.

தும்பைக்குப் பின் நெய்தல்

போர் முடிகிறது. எழுவருள் நால்வர் இறந்துவிட்டனர். நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்கே இரையாயினர் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. வாளால் ஒருவரும் வீழவில்லை. வாட்கலையில் நிகரற்ற கியூசோகூட, எங்கிருந்தோ வந்த குண்டொன்றால் சேற்றில் சாய்கிறார். பல்லாண்டுப் பயிற்சியை ஒரு விரலசைவு வீணாக்கிவிடுகிறது.

1543இல் போர்ச்சுக்கீசியர் தானெகாஷிமா தீவில் இறங்கியபோது ஜப்பானுக்குத் துப்பாக்கி வந்தது. அதே போர்ச்சுக்கீசியர் நம் கடற்கரையில் தங்கிய இடத்திற்குப் போர்ட்டோ நோவோ என்ற பெயர் வந்தது. அதுவே நம் பரங்கிப்பேட்டை. அங்கே 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் பெரும்படையும் அயர் கூட்டின் தலைமையிலான சிறிய ஆங்கிலப் படையும் மோதின. குதிரைப்படையின் எண்ணிக்கையும் வீரமும் ஒருபுறம் இருக்க, ஒழுங்குபடுத்தப்பட்ட துப்பாக்கியும் பீரங்கியும் வெற்றியை ஆங்கிலேயர்க்குத் தந்தன. வாளின் காலம் முடிந்த வரலாறு நமக்கும் அயலானதன்று. கியூசோ வீழும் காட்சி நம் மாணவர் நெஞ்சைத் தைப்பதற்கு இவ்வரலாற்று நினைவும் ஒரு காரணமாகலாம்.

படத்தின் இறுதியில் உழவர் பாடிக்கொண்டு நாற்று நடுகின்றனர். குன்றின்மேல் நான்கு மண்மேடுகள்; அவற்றின்மேல் நடப்பட்ட வாள்கள். அவை நம் நடுகற்களை நினைவூட்டுகின்றன. எஞ்சிய மூவர் கீழே நின்று நோக்குகின்றனர். மீண்டும் தோற்றோம், வென்றவர் உழவரே என்னும் பொருளில் காம்பெய் கூறுகிறார். வாகை சூட வேண்டிய இடத்தில் பாலை வந்து நிற்கிறது. தொல்காப்பியர் வகுத்த இணை ஜப்பானியக் குன்றொன்றில் நடுகல்லாக நிற்பதை நாம் காண்கிறோம்.

கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் படையெடுத்த போது புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்ட கேள்வியும் இத்தகையதே. நீ வென்றால் இந்நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய் என்று புலவர் வினவினார். வென்றாலும் தோல்வியாகும் போர்கள் உண்டு என்பதை மன்னன் உணர்ந்தான். புறநானூறு அறிந்த இவ்வுண்மையைக் காம்பெய் தம் வாழ்நாள் இறுதியில் அறிகிறார்.

உறைக்குள் இருக்கும் வாள்

இனி, வாட்சண்டை காட்டப்படும் முறையைக் காண்போம். காம்பெய் அறிமுகமாகும் காட்சியில், திருடன் ஒருவன் குழந்தையைப் பிணையாக வைத்துக் குடிசைக்குள் இருக்கிறான். காம்பெய் தம் குடுமியை மழித்துத் துறவியின் ஆடையை அணிந்து, சோற்றுருண்டைகளுடன் உள்ளே நுழைகிறார். உள்ளே நடந்தது காட்டப்படவில்லை. திருடன் வெளியே ஓடிவந்து, மெல்ல மெல்லச் சாய்ந்து வீழ்கிறான். வாள்வீச்சை மறைத்து அதன் விளைவை மட்டும் காட்டினார் குரோசாவா. சாமுராய்க்குக் குடுமி மானத்தின் சின்னம். ஒரு குழந்தைக்காக அதைத் துறந்தவர் என்பதே நம் உள்ளத்தில் நிற்கிறது.

கியூசோவின் அறிமுகமும் அவ்வாறே. முதலில் கழிகொண்டு பொருதுகின்றனர். முடிவு சமம் என்கிறான் எதிரி. மெய்வாளாயின் நீ இறந்திருப்பாய் என்று கூறிவிட்டுக் கியூசோ விலகுகிறார். எதிரி விடவில்லை, வாளை உருவுகிறான். இருவரும் அசையாது நிற்கின்றனர். பின்பு ஒரே வீச்சு, எதிரி சாய்கிறான். உயிரைக் காத்திருக்கக்கூடிய வாய்ப்பு ஒன்று இருந்தது என்பதும், அதைச் செருக்கு கெடுத்தது என்பதும் ஒருங்கே புலனாகின்றன.

'சஞ்சுரோ' படம் இக்கருத்தை வெளிப்படையாகவே பேசுகிறது. தோஷிரோ மிஃபுனே ஏற்று நடித்த சஞ்சுரோவிடம் ஒரு மூதாட்டி, நீர் உருவிய வாள்போல் இருக்கிறீர், நல்ல வாள் உறைக்குள் இருக்கும் என்று இன்சொல்லாகக் கூறுகிறார். படத்தின் முடிவில் சஞ்சுரோவும் அவருக்கு இணையான வீரனொருவனும் நெடுநேரம் அசைவின்றி எதிர்நிற்கின்றனர். ஒரு நொடியில் வாள் பாய்கிறது, குருதி ஊற்றெடுக்கிறது, எதிரி வீழ்கிறான். சுற்றி நின்ற இளைஞர்கள் வியந்து பாராட்டுகின்றனர். சஞ்சுரோ அவர்கள்மேல் சினம் கொள்கிறார். வீழ்ந்தவனும் தன்னைப் போலவே உருவிய வாள் என்றும், மூதாட்டி சொன்னதே உண்மை என்றும், நீங்கள் உறைக்குள்ளேயே இருங்கள் என்றும் கூறிவிட்டு நடக்கிறார். திரையில் வியந்து நின்ற அவ்விளைஞர்கள் அரங்கில் வியந்து பார்க்கும் நாமே அல்லவா? நம் கைத்தட்டலை அப்படமே தடுத்து நிறுத்துகிறது.

இவ்விடத்தில் பாரசீகக் கவிஞர் மௌலானா ரூமி தம் மஸ்னவியின் முதற்பகுதியில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. போர்க்களத்தில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் எதிரியை வீழ்த்தி வாளை ஓங்கியபோது அவன் அவர்கள் முகத்தில் உமிழ்ந்தான். அவர்கள் வாளைக் கீழே போட்டுவிட்டார்கள். வியந்து காரணம் கேட்ட எதிரியிடம், இறைவனுக்காக ஓங்கிய வாளில் என் சொந்தச் சினம் கலந்துவிட்டது, ஆதலின் நிறுத்தினேன் என்று விடையளித்தார்கள். வெட்ட வல்லமை உள்ள ஒருவர் வெட்டாது நிற்கும் அந்நொடியே வீரத்தின் உச்சம் என்பதில் பாரசீகக் கவிஞரும் ஜப்பானிய இயக்குநரும் ஒன்றுபடுகின்றனர்.

நம் வாட்படங்கள்

தமிழ்த் திரையிலும் வாட்படங்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 'மந்திரி குமாரி' (1950), 'மர்மயோகி' (1951), 'குலேபகாவலி' (1955), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'மதுரை வீரன்' (1956), எம்.ஜி.ஆர். தாமே இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958), பி.ஆர். பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) எனப் பட்டியல் நீளும். அரபு, பாரசீகக் கதைகளும் நாட்டுப்புறக் கதைகளும் இப்படங்களுக்கு ஊற்றாயின. நம்பியாரோடும் பி.எஸ். வீரப்பாவோடும் எம்.ஜி.ஆர். நிகழ்த்திய வாட்போர்களை நம் பெரியோர் இன்றும் மகிழ்ந்து பேசுவர்.

இப்படங்களின் நாயகன் சிரித்துக்கொண்டே போரிடுவான்; எதிரியின் கைநழுவிய வாளை எடுத்துக் கொடுத்து மீண்டும் பொர அழைப்பான். இதில் ஓர் அறம் இருக்கிறது. படையிழந்தவனைத் தாக்கலாகாது என்னும் பண்டைப் போரறம் அது. ஏழையின் பக்கம் நிற்பவனே வீரன் என்ற எண்ணத்தையும் இப்படங்கள் பரப்பின. ஆயினும் இவற்றில் வாகை வாகையாகவே முடிகிறது. நாயகன் முடிசூடுகிறான் அல்லது மணம் புரிகிறான். வீழ்ந்தவனுக்காக இரங்குவார் இல்லை. தும்பை உண்டு, நெய்தல் அரிது. குறைகூறும் நோக்கில் இதைச் சொல்லவில்லை. அரசரை வீழ்த்தி மக்களாட்சியை வரவேற்ற காலத்தின் மகிழ்ச்சி அவற்றில் உள்ளது. போரில் தோற்று நகரங்களை இழந்த நாட்டின் துயர் ஜப்பானியப் படங்களில் உள்ளது. காலமும் நிலமும் முதற்பொருள் என்பது படைப்புக்கும் பொருந்தும்.

மானம் யாருடையது?

வாட்படங்கள் இளையோரை ஈர்க்கும் இன்னொரு பொருள் மானம். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைச் சங்கப் புலவர் போற்றினர். ஜப்பானியச் சாமுராய் வயிற்றைக் கிழித்து உயிர்விடும் செப்புக்கு என்னும் முறையை இதனோடு ஒப்பிடுவோர் உளர். ஆனால் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தது அவனே தேர்ந்த முடிவு. பிறர் கட்டாயப்படுத்தி ஒருவனை வடக்கிருக்கச் செய்தால் அதற்கு மானம் என்று பெயரிட முடியுமா?

'ஹராகிரி' எழுப்பும் கேள்வி இதுவே. கதை நிகழும் ஆண்டு 1630. பெருங்குடும்பங்கள் பல ஒழிக்கப்பட்டதால் வீரர்கள் வேலையின்றி அலைகின்றனர். மொத்தோமே என்னும் இளைஞன், மனைவியும் குழந்தையும் நோயுற்ற வறுமையில், ஈயி என்னும் பெருங்குடும்பத்தின் மாளிகைக்குச் சென்று, இங்கே செப்புக்கு செய்துகொள்ள இடம் தாருங்கள் என்கிறான். இரங்கிப் பொருள் தருவர் என்பது அவன் எண்ணம். மாளிகையாரோ பிறர்க்குப் பாடமாகட்டும் என்று அவனை உண்மையிலேயே அதைச் செய்யுமாறு கட்டாயப்படுத்துகின்றனர். அவன் தன் மெய்வாளை முன்பே விற்றுவிட்டான். உறையில் இருப்பது மூங்கில் வாள். அம்மூங்கிலாலேயே வயிற்றைக் கிழிக்கச் செய்கின்றனர்.

பின்னர் அவன் மாமனார் ஹன்ஷிரோ அதே மாளிகைக்கு வருகிறார். மருமகன் குடும்பத்திற்காக வாளை விற்றதையும், தமக்கு அந்த எண்ணம்கூடத் தோன்றாது பயனற்ற வாளைப் பற்றிக்கொண்டிருந்ததையும் எண்ணி அவர் புலம்பியவர். மானத்தின் பெயரால் மொத்தோமேயைக் கொன்ற மூவர், தம் குடுமியை ஹன்ஷிரோவிடம் இழந்துவிட்டு, நோயென்று பொய்கூறி வீட்டில் ஒளிந்திருந்ததை அவர் அவையில் வெளிப்படுத்துகிறார். பெரும் சண்டை மூள்கிறது. அவரை வீழ்த்த மாளிகையார் துப்பாக்கிகளைக் கொணர்கின்றனர். குடும்பப் பெருமையின் சின்னமாக வைத்திருந்த முன்னோர் கவசம் தரையில் சிதறுகிறது. இறுதியில் கவசம் மீண்டும் அடுக்கப்படுகிறது; குருதி கழுவப்படுகிறது; இறந்த வீரரெல்லாம் நோயால் மாண்டனர் என்று குறிப்பேட்டில் பொய் எழுதப்படுகிறது. உள்ளே ஆளில்லாத கவசத்தைக் காக்கவே இத்தனை உயிர்களும் பலியாயின.

இதைப் பழங்கதை என்றோ அயல்நாட்டுக் கதை என்றோ நாம் கடந்துபோக இயலாது. 2003ஆம் ஆண்டு நம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பகுதியில், சாதி கடந்து மணம் புரிந்த இளம் இணையர் பெண்ணின் உறவினரால் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2021இல், கடலூர் நீதிமன்றம் காவல்துறையினர் உட்படப் பலருக்குத் தண்டனை விதித்தது. அக்கொலையைச் செய்தோரும் அதற்கு மானம் என்றே பெயரிட்டிருப்பர். உயிர் போனது இளையோர்க்கு. காக்கப்பட்டதாகக் கருதப்பட்ட மானம் பிறர்க்கு. ஆளில்லாக் கவசங்கள் நம் ஊர்களிலும், எல்லாச் சமூகத்தார் வீடுகளிலும் உள்ளன.

தமிழ்த் திரையும் இதனைத் தொட்டதுண்டு. பரதன் இயக்கத்தில் 1992இல் வெளிவந்த 'தேவர் மகன்' படத்தின் முடிவில், கொலை செய்துவிட்ட நாயகன் வெற்றிக் களிப்பின்றி, அரிவாளை விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊராரிடம் வேண்டிச் சிறைக்குச் செல்கிறான். வாகைக்குப் பின் பாலை வந்த அரிய தமிழ்ப் படம் அது. ஆனால் அப்படத்தின் பாடலொன்று சாதிப் பெருமைக்கு முழக்கமாயிற்று என்ற குறையும் உண்டு. பலர் பாடலை எடுத்துக்கொண்டனர், முடிவை விட்டுவிட்டனர். ஆகவே, படைப்பாளியின் கருத்து நன்றாயிருப்பது மட்டும் போதாது. அதைக் காணும் கண்ணுக்கும் பயிற்சி வேண்டும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. சாமுராய்ப் படங்களின் கவர்ச்சிக்கு வாள்வீச்சு ஒரு காரணம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வீச்சு நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் அதற்கு முன்வரும் காத்திருத்தலும் பின்வரும் இரங்கலும் ஆகும். இவ்விரண்டும் இல்லாத வாட்படங்கள் ஜப்பானிலும் மிகுதி; அவை பார்த்த மறுநாளே மறந்துபோகும். சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பெரியோரும் மாணவரும் கொண்ட உடன்பாடு, சிறந்த படங்களைப் பொறுத்தவரை, பொருந்தாது.

எனவே, பெரியோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது. பிள்ளைகள் இப்படங்களைக் காண்பதை அறிந்தால் கைப்பேசியைப் பறிப்பதோடு நிறுத்தாமல், ஒரு முறையேனும் உடனமர்ந்து பார்த்து உரையாடுங்கள். புறநானூற்றுக் கதைகளையும் பதுறுப் போரின் வரலாற்றையும் அறிந்த உங்களுக்கு அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும்.

மாணவர்களுக்குச் சொல்வது எளிது. அடுத்த முறை வாட்படம் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுங்கள். இவ்வாள் எதற்காக உருவப்பட்டது? உருவாமல் இருந்திருக்க முடியுமா? வீழ்ந்தவனுக்காக அழுபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடைதரும் படம் எதுவாயினும், எம்மொழியில் இருப்பினும், அதைத் தயங்காது காணலாம். விடைதர மறுக்கும் படத்தில் தும்பை மட்டுமே இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். தொல்காப்பியத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நம் இளைஞர், அந்நூல் தரும் கண்ணால் தாம் விரும்பும் படங்களையும், தாம் வாழும் ஊரையும் நோக்கப் பழகுவாராயின் தமிழ் கற்றதன் பயன் அவர்களுக்கு முழுமையாகக் கிட்டும்.